தொழில் என்ன என்று கேட்ட மருத்துவர்

மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றோர் பலராவர். புது மருந்து கண்டவர் சிலர். நோய்க்கிருமியை இனங்கண்டவர் சிலர். அறுவை முறைகளை வகுத்தவர் சிலர். நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களோடு மேலும் ஒரு வினாவைச் சேர்த்ததனால் நிலைத்த புகழ் எய்தியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாட்சினி. தொழில்வழி நோய்களை ஆராயும் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகின்றது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த அவருடைய வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மாணவ நண்பர்களே, நம்மில் பலர் பட்டம் பெற்றபின் எழுத்தராக, கணக்கராக, தரவுப் பதிவாளராகக் கணிப்பொறியின் முன் நாள்தோறும் எட்டு மணிநேரம் அமரப் போகின்றவர்கள். கழுத்துப் பிடிப்பு, தோள்வலி, மணிக்கட்டு வலி, விரல் மரப்பு, இடுப்புவலி, கண்ணெரிச்சல் ஆகியவை அந்த இருக்கையோடு சேர்ந்து வரும் தொல்லைகள். இவற்றை இக்காலத்து நோய்கள் என்றே எண்ணிக் கொண்டிருக்கிறோம். தட்டச்சுப் பொறிகூடத் தோன்றாத காலத்தில், இறகுப் பேனாவால் எழுதிப் பிழைத்தவர்களிடம் இதே துன்பங்களைக் கண்டு, அவற்றின் காரணங்களை மூன்றாக வகுத்து எழுதி வைத்தவர் ராமாட்சினி. நம் மேசையையும் நாற்காலியையும் எவ்வாறு அமைத்துக் கொள்வது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே நல்ல பாடமாகும்.

இளமையும் கல்வியும்

வட இத்தாலியில் மொடேனா நகருக்கு அருகே கார்ப்பி என்னும் சிற்றூரில் 1633ஆம் ஆண்டு ராமாட்சினி பிறந்தார். உள்ளூரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பயின்றபின், பார்மா பல்கலைக்கழகம் சென்று தத்துவமும் மருத்துவமும் கற்று, 1659இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்தோடு நின்றுவிடாமல் உரோமை நகருக்குச் சென்று, அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகினார்.

பின்னர் உரோமைக்கு வடக்கே உள்ள சிற்றூர்களில் மருத்துவராகப் பணியாற்றினார். அது மலேரியா மலிந்த பகுதி. மலேரியா என்ற சொல்லே கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொல்தான். நோய் தீர்க்கப் போன மருத்துவரை அந்நோய் பற்றிக் கொண்டது. உடல் தளர்ந்த அவர் சொந்த ஊருக்கே திரும்ப நேர்ந்தது. ஒருவர் வாழும் இடமும் செய்யும் பணியும் உடலை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பிற்காலத்தில் ஊர் ஊராக ஆராய்ந்தவர், இளமையிலேயே அதைத் தம் உடலில் அனுபவித்திருந்தார்.

1671இல் அவர் மொடேனா நகரில் குடியேறினார். வெளியூரிலிருந்து வந்த அவரை அந்நகர மருத்துவர்கள் உடனே ஏற்றுக் கொள்ளவில்லை. எழுத்துப் போர்களும் நடந்தன. ஆயினும் அவருடைய புலமை வென்றது. 1682இல் மொடேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கோட்பாட்டுப் பேராசிரியர் ஆனார். அந்நகரின் கிணறுகளில் நீர் தானே பீறிட்டு எழுவதன் காரணத்தை ஆராய்ந்து 1691இல் ஒரு நூல் வெளியிட்டார்; காற்றழுத்தமானியை வைத்து வானிலையைக் கவனித்தார்; சுற்று வட்டாரத்தில் பரவிய கொள்ளை நோய்களைப் பற்றி ஆண்டுதோறும் குறிப்பெழுதினார். கண்ணால் கண்டதை எழுதும் வழக்கம் அவரிடம் ஊறியிருந்தது.

ஒரு மலக்குழியும் ஒரு வினாவும்

மொடேனாவில் வீடுகள் நெருக்கமாகவும் உயரமாகவும் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டு மலக்குழிகளைத் துப்புரவு செய்வது வழக்கம். ராமாட்சினியின் வீட்டிலும் அந்த வேலை நடந்தது. குழிக்குள் இறங்கியவர் மிகுந்த பதற்றத்தோடும் விரைவோடும் உழைப்பதைக் கண்ட அவர், சற்று நிதானமாகச் செய்தால் களைப்புக் குறையுமே என்று இரக்கத்தோடு கேட்டார். தொழிலாளி அண்ணாந்து பார்த்தார். இந்த இடத்தில் நான்கு மணிநேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்றும், அதனாலேயே விரைவதாகவும் கூறினார். அவர் மேலே வந்தபின் ராமாட்சினி அவருடைய கண்களைக் கூர்ந்து நோக்கினார். அவை சிவந்து மங்கியிருந்தன. வேலை முடிந்ததும் வீட்டில் இருட்டறையில் அடைந்து கிடந்து, வெதுவெதுப்பான நீரால் கண்களைக் கழுவிக் கொள்வதே தாங்கள் அறிந்த மருந்து என்று அந்தத் தொழிலாளி சொன்னார். அதன்பின் நகரத் தெருக்களில் பிச்சை எடுத்துக் கொண்டிருந்த பார்வையற்றோர் சிலர், முன்பு இதே தொழில் செய்தவர்கள் என்பதையும் ராமாட்சினி கண்டார். மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013இல் சட்டம் கொண்டு தடைசெய்த நம் நாட்டில், அதன் பின்னும் குழிக்குள் மாண்டவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்த நமக்கு இந்நிகழ்ச்சி பழங்கதையாகத் தோன்றாது.

அந்த ஏழைத் தொழிலாளியே தம்மை இத்துறையில் நூலெழுதத் தூண்டியவர் என்று ராமாட்சினி மறைக்காமல் எழுதினார். கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போகிரேட்டஸ், நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களை வகுத்துத் தந்திருந்தார். அவற்றோடு, என்ன தொழில் செய்கிறாய் என்னும் வினாவையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்றார் ராமாட்சினி. ஏழையின் வீட்டுக்குச் செல்லும் மருத்துவர் வந்தவுடன் நாடியைத் தொட்டுவிட்டு ஓடக்கூடாது. முக்காலியானாலும் அதைப் பொன் ஆசனமாகக் கருதி அமர்ந்து, பொறுமையோடு கேட்டறிய வேண்டும் என்பது அவருடைய கருத்து.

கேட்பதோடு அவர் நிற்கவில்லை. கொல்லன் உலைக்கும் குயவன் சூளைக்கும் தையற்காரர் கடைக்கும் தாமே நடந்து சென்றார். அங்குக் கண்டவற்றையெல்லாம் திரட்டி, தொழிலாளர் நோய்கள் பற்றிய ஆய்வுரை என்னும் பொருள்படும் தலைப்பில் இலத்தீன் மொழியில் எழுதிய நூலை 1700இல் மொடேனாவில் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், பாதரசம் பூசிக் கண்ணாடி செய்வோர், ஈயம் தீட்டும் குயவர், மாவு தூசியை மூச்சில் இழுக்கும் ரொட்டிக்காரர் என நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் இடம்பெற்றன. நகரங்கள் தொழிலாளரின் கைகளால் வாழ்கின்றன. ஆகவே அவர்களுடைய உடல்நலத்துக்கு மருத்துவம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்பதே அந்நூலின் அடிநாதம்.

உட்கார்ந்தவர், நின்றவர், உற்று நோக்கியவர்

நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய பகுதிகள் அந்நூலில் மூன்று உள்ளன.

முதலாவது, உட்கார்ந்தே வேலை செய்வோரைப் பற்றியது. தையற்காரரும் செருப்புத் தைப்போரும் திருவிழா நாளில் இருவர் இருவராக ஊர்வலம் வருவதை ராமாட்சினி கவனித்தார். முதுகு கூனி, தோள் வளைந்து, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து அவர்கள் நடந்தனர். பிறவியில் அவர்கள் அப்படி இல்லை. ஆண்டுக்கணக்கில் குனிந்திருந்த இருக்கையே உடலை அவ்வாறு வளைத்துவிட்டது. ஓய்வு நாளிலாவது உடற்பயிற்சி செய்து, பல நாள் இருந்த கேட்டை ஓரளவு ஈடு செய்யுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறினார்.

இரண்டாவது, நின்றே வேலை செய்வோரைப் பற்றியது. அவர்களுக்குக் காலில் நரம்பு புடைப்பதையும் ஆறாப் புண் உண்டாவதையும் கண்டு, இடையிடையே உட்கார வேண்டும் என்றார்.

மூன்றாவது, நுண்ணிய பொருள்களை உற்று நோக்கி வேலை செய்வோரைப் பற்றியது. கடிகாரம் செய்வோர் போன்ற நுண்தொழில் வல்லுநரின் பார்வை மங்குவதைக் கண்டு, கண்ணாடி அணிவதோடு, அவ்வப்போது தலையை நிமிர்த்திக் கண்களை வேறு பக்கம் திருப்பிப் பல பொருள்களையும் பார்க்குமாறு கூறினார்.

உட்காருவதும் நிற்பதும் பார்ப்பதும் குற்றமல்ல. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே கேடு. இம்மூன்று பகுதிகளும் சேர்ந்து நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

எழுத்தர்களின் நோய்

நூல் வெளிவந்த 1700ஆம் ஆண்டிலேயே ராமாட்சினி புகழ்பெற்ற பதுவா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். பதுவை அந்தோணியார் என்று நம் மக்கள் சொல்லக் கேட்கிறோமே, அந்தப் பதுவை நகரமே அது. அப்போது அவர் அறுபத்தைந்தைக் கடந்தவர். பார்வை குன்றியது, நெஞ்சுப் படபடப்பும் வருத்தியது. ஆயினும் ஓய்வை நாடாமல் தம் நூலைப் பெருக்கித் திருத்திக் கொண்டே இருந்தார். எண்பது வயதில், 1713இல், இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதில் புதிதாகச் சேர்ந்த இயல்களுள் ஒன்றுதான் எழுத்தர்களையும் நோட்டரிகளையும் பற்றியது.

வணிகர் கடையில் கணக்கெழுதுவோரும், அரண்மனையில் ஓலை எழுதும் செயலாளரும், பத்திரம் எழுதுவோரும் காலை முதல் மாலை வரை எழுதிக் கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய துன்பத்துக்கு மூன்று காரணங்களை ராமாட்சினி காட்டினார். ஒன்று, இடைவிடாது உட்கார்ந்திருத்தல். இரண்டு, கை ஓயாமல் ஒரே திசையில் அசைந்து கொண்டிருத்தல். மூன்று, கூட்டல் கழித்தலில் பிழை நேர்ந்து முதலாளிக்கு நட்டம் வந்துவிடக் கூடாதே என்னும் மன இறுக்கம்.

அவர் அறிந்த நோட்டரி ஒருவரின் கதை நெஞ்சை உருக்குவது. வாழ்நாளெல்லாம் எழுதியே பொருளீட்டியவர் அவர். முதலில் வலக்கை முழுவதும் சோர்வு தோன்றியது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. நாளடைவில் அக்கை அடியோடு செயலிழந்தது. பிழைப்பை விட முடியாத அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கையையும் அதே நோய் பற்றியது.

இந்தச் சிறு வரலாற்றில் பெரும் பாடம் இருக்கிறது. அந்த மனிதர் கையை மாற்றினார். வேலையின் அளவையும் முறையையும் மாற்றவில்லை. அல்லது, மாற்ற முடியவில்லை. தொழிலைத் திருத்தாமல் தொழிலாளியை மட்டும் வருத்தினால் நோய் இடம் மாறுமே தவிரத் தீராது.

உடலின் நீர்மங்கள் தேங்குவதே நோய்க்குக் காரணம் என்பது போன்ற அக்கால விளக்கங்களையே ராமாட்சினி கூறினார். அவற்றை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் அவர் கண்ணால் கண்டு எழுதியவை காலத்தால் அழியவில்லை.

மறைவும் மரபும்

முதுமையிலும் அவர் வகுப்பை விடவில்லை. 1714ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், மாணவர்க்குப் பாடம் நடத்த ஆயத்தமான வேளையில் மூளைத்தாக்கு நோய் அவரைக் கொண்டு போயிற்று. அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.

அவர் விதைத்த விதை மெல்ல முளைத்தது. 1776இல் வெளிவந்த நாடுகளின் செல்வம் என்னும் நூலில், மிகையுழைப்பால் வரும் நோய்களைப் பேசுமிடத்தில் ஆடம் ஸ்மித் ராமாட்சினியின் நூலைக் குறிப்பிடுகிறார். பொருளியல் மாணவர்கள் இதை அறிந்திருத்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய எழுத்தர்களிடையே எழுத்துவலி பரவியது. தந்தி அடிப்போரின் கைப்பிடிப்பு 1908இல் இங்கிலாந்தில் இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்கப்பட்டது. வேலையை மனிதனுக்கேற்ப அமைக்கும் கலைக்கு எர்கோனாமிக்ஸ் என்னும் பெயரைப் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி 1857இல் சூட்டினார். 1949இல் இங்கிலாந்தில் அது தனித்துறையாக உருப்பெற்றது. 1982இல் ராமாட்சினியின் பெயராலேயே தொழில்வழி நோய் அறிஞர்களின் பன்னாட்டுக் கழகம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

நம் மேசைக்கு அவர் வந்தால்

இறகுப் பேனா போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. ராமாட்சினி காட்டிய மூன்று காரணங்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றை வரிசையாக எடுத்துக் கொள்வோம்.

முதலில் இருக்கை. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பின் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். இடுப்பின் உட்குழிவுக்குத் தாங்கல் வேண்டும். நாற்காலியைத் தாழ்த்த முடியாவிட்டால் காலடியில் ஒரு பலகை போடலாம். முதுகில் தாங்கல் இல்லாவிட்டால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக் கொள்ளலாம். எவ்வளவு நல்ல நாற்காலியாயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதற்கு ஈடாகாது. நின்று வேலை செய்யும் மேசை வாங்கிவிட்டால் எல்லாம் தீரும் என்று எண்ணுவோர், நின்றவர்களின் கால்களைப் பற்றி ராமாட்சினி எழுதியதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது கை. விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கை உடலை ஒட்டி, ஏறத்தாழ 90 பாகை மடிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு மேலோ கீழோ பக்கவாட்டிலோ வளையாமல் நேராக இருக்க வேண்டும். விசைப்பலகையின் பின்புறம் உள்ள சிறு கால்களை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். ஆகவே அவற்றை மடித்து வைப்பதே பலருக்கு நல்லது. மௌஸ் எட்டாத் தொலைவில் இருந்தால் தோள் வலிக்கும். விசைப்பலகையை ஒட்டியே அதற்கு இடம் தரவேண்டும். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கு வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கி, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் மரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். இரவில் அது மிகும். அவ்வாறு தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த நோட்டரியைப் போல மறு கைக்கு வேலையை மாற்றிக் கொண்டு நாளைக் கடத்தலாகாது.

மூன்றாவது கண்ணும் மனமும். திரை ஒரு கை நீளத் தொலைவில் நேர் எதிரே இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே அமைய வேண்டும். இருபார்வைக் கண்ணாடி அணிவோர் இன்னும் சற்றுத் தாழ்த்திக் கொள்ளலாம். சன்னல் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கத்தில் இருந்தால் கண் கூசாது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் ஒன்றுக்கு வசதி செய்தால் மற்றொன்று கெடும். நெடுநேரம் வேலை இருந்தால் அதைப் புத்தக அடுக்கின் மேல் உயர்த்தித் தனி விசைப்பலகை இணைப்பதே வழி. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை, 20 நொடி பார்க்க வேண்டும் என்று இன்று சொல்லப்படும் விதி, கடிகாரம் செய்தவர்களுக்கு ராமாட்சினி சொன்ன அறிவுரையை ஒத்ததே அன்றோ?

மன இறுக்கத்துக்கு மேசையில் மருந்தில்லை. மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் தோள் தானே உயர்கிறது, விசையை அடிக்கும் வேகமும் கூடுகிறது, எழுந்து நடக்கவும் மறந்துவிடுகிறது. வேலையைப் பங்கிடுவோர்தாம் இதற்கு மருந்து தர முடியும்.

இங்கேதான் ராமாட்சினியின் நன்றிக்கடன் என்னும் கருத்து நமக்குத் துணை நிற்கிறது. நல்ல நாற்காலி கேட்பது சொகுசு என்று நம்மில் பலர் கூசுகிறோம். கேட்பவரைச் சோம்பேறி என்றும் சொல்லிவிடுகிறோம். எவருடைய கையால் அலுவலகம் நடக்கிறதோ, அவருடைய கையைக் காப்பது அலுவலகத்தின் கடமை. நாளை நம்மில் சிலர் பணியாளராவோம், சிலர் மேலாளராவோம். பணியாளராகும்போது வலியை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் துணிவு வேண்டும். மேலாளராகும்போது முக்காலியில் அமர்ந்தேனும் அதைக் கேட்கும் பொறுமை வேண்டும். இரண்டும் இருந்தால் எந்த எழுத்தரும் தம் இரு கைகளையும் பிழைப்புக்கு விலையாகத் தர வேண்டிய நிலை வாராது.